எட்டு

காலை ஆறே கால்.
எழும்பூருக்குள் நுழைய வேண்டிய ரயில் ஒன்று
சிக்னலுக்கு நின்று கூவுகிறது.
டார்ச்சைத் தொடையில் இரண்டு தட்டு தட்டி எரிய வைக்கிறேன்.
பேட்டரி இந்த மாதமும் என் காசு.

படிவத்தில் எட்டு வரிகள்.
குரல், விழுங்குதல், உதடு, நாக்கு,
எச்சில், உள்கன்னம், ஈறு, பல்.
ஒவ்வொன்றுக்கும் ஒன்றோ இரண்டோ மூன்றோ போட வேண்டும்.
ஒன்று என்றால் நலம்.
மூன்று போட்ட அன்று
மதியச் சாப்பாட்டில் எனக்குக் காரம் இறங்குவதில்லை.

முதல் வரிக்குக் கருவி கிடையாது,
பேச வைக்க வேண்டும், அவ்வளவுதான்.
அதற்காகத் தினம் ஒரு கேள்வி கொண்டு வருகிறேன்.
ராத்திரி கரண்ட் போச்சே, பயந்தியா?
உங்க தெரு நாய்க்குப் பேர் வச்சிருக்கீங்களா?
அவர்கள் நாயைப் பற்றிச் சொல்கிறார்கள்.
நான் நாயைக் கேட்பதில்லை,
சொல் எங்கே உரசுகிறது என்று கேட்கிறேன்.

பன்னிரண்டாம் பெட்.
ஜெபாஸ்டின், ஏழு வயது, காசிமேடு.
மருந்து ஏறி ஒன்பதாம் நாள்.
"ஆ காட்டு."
காட்டினான்.
நாக்கின் ஓரம் வெந்த நிறம்.
உள்கன்னத்தில் பாலாடை போல ஒரு திட்டு,
அதைச் சுற்றித் தோலில்லாத இடம்.
கீழுதட்டை நான் விரலால் மெல்ல விலக்கியபோது
கரகரத்துச் சொன்னான்:
"எங்கம்மா செவுளை இப்டிதான் தூக்கிப் பாக்கும்.
செவப்பா இருந்தா நல்ல மீனு.
செவப்பா இருக்கா, சிஸ்டர்?"
"இருக்குடா."
"அப்ப நல்லது."

அவன் அம்மா ஸ்டெல்லா
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.
எத்தனை ஆயிரம் செவுள் பார்த்திருப்பாள்.

கூட்டிப் பார்த்தேன். பதினேழு.
தாளை எட்டிப் பார்த்தவன்,
"எத்தினிக்கு?"
"இருபத்துநாலுக்கு."
"பாஸா?"
தலையை ஆட்டினேன்.
ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி.
அதன் பிறகு பேச வலித்ததால்
எதிர் வரிசைக்கெல்லாம் விரல் காட்டினான்:
பத்து. பிறகு ஏழு.
ஆறிய வெந்நீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்த டம்ளரை
பரிசுக் கோப்பை போலத் தூக்கிக் கொப்பளித்துத் துப்பினான்.
துப்பியதில் ஒரு நூல் ரத்தம்.

பதினொன்றில் தஸ்லீமா.
புளியந்தோப்பு. ஐந்து முடியவில்லை.
எல்லாவற்றுக்கும் தலையசைப்பாள்.
தலையசைப்புக்கு மதிப்பெண் போடப் படிவத்தில் இடமில்லை.
"ரயில் எப்டிக் கத்துச்சு, எனக்குச் சொல்லேன்?"
உதட்டைக் குவித்தாள்.
குவித்தபடியே இருந்தாள்.
சத்தம் வரவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது.
குரல்: மூன்று.
டாக்டர் மகிழ்நனுக்கு போன் போட்டு
வலி மருந்தை ஏற்றச் சொன்னேன்.
"ரவுண்ட்ஸுக்கு வரேன்" என்றார்.
இப்பவே, என்றேன்.
வந்தார்.

இருபதாம் நாள்
ஜெபாஸ்டினுக்கு ரத்த அணுக்கள் ஏறிவிட்டன.
புழுங்கிக் கிடந்த வார்டில்
முந்தைய இரவு மழை பெய்திருந்தது.
ஆ காட்டினான்.
ஈரமான, இளஞ்சிவப்பான, சாதாரண வாய்.
ஒரு சொத்தைப் பல்லைத் தவிர
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை,
அதுவும் பால் பல், ஆடுகிறது.
ஒன்று, ஒன்று, ஒன்று என்று கீழே வரை இறங்கினேன்.
பல்லுக்கும் ஒன்றே போட்டேன். சுத்தமாகத்தான் தேய்த்திருந்தான்.
மொத்தம் எட்டு.

தாளைப் பார்த்தான்.
முகம் சுருங்கியது.
"அன்னிக்குப் பதினேழு குடுத்தியே.
நல்லாதான தொறந்தேன்?"

இந்தப் பரீட்சையில் குறைந்தால்தான் ஃபர்ஸ்ட் என்று
நானும் சொன்னேன், ஸ்டெல்லாவும் சொன்னாள்,
பெருக்க வந்த வேதவல்லியும் துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு சொன்னாள்.
நம்பவில்லை.
அப்படி ஒரு பரீட்சை
அவன் பள்ளிக்கூடத்தில் இல்லையாம்.

அடுத்த மருந்து திங்கட்கிழமை.
"அப்பப் பாரு" என்றான் என்னிடம்,
"இருபது எடுக்கிறேன்."

ஸ்டெல்லா சிரித்துக்கொண்டே இருந்தாள்,
சிரிப்பு நின்ற பிறகும் வாய் மூடவில்லை.

டார்ச்சை அணைத்தேன்.
பக்கத்துக் கட்டிலில்
தஸ்லீமா என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
அவளுக்கு இன்று என்ன கேட்கலாம்
என்று யோசித்தபடி
புதிய கையுறையில் விரல் நுழைக்கிறேன்.